சிவப்புத் துணி கட்டிய கோடாலி

எங்கள் வீட்டுக்குப் புது குக்கர் வாங்கிய அன்று சாயந்திரமே அது மாடிக்குப் போய்விட்டது. ஆபீஸ் விட்டு வந்து, எங்கே குக்கர் என்று கேட்டேன். "மாடி அக்கா ஒரு நாள் வெச்சுப் பார்த்துட்டுத் தர்றேன்னாங்க" என்றாள் என் மனைவி, அது ஊர் உலகத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிற விஷயம் போல. மறுநாள் காலையில் குக்கர் திரும்பி வந்தது. கைப்பிடி ஸ்க்ரூக்களைக் கழற்றி மறுபடி முறுக்கியிருந்தார். வெயிட் உட்காரும் குழாய்க்குள் அடைத்துக்கொண்டிருந்த ஒரு பிளாஸ்டிக் துணுக்கை எடுத்து, காகிதத்தில் மடித்து, குக்கருக்குள்ளேயே போட்டிருந்தார். எனக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. கடையில் அரை மணி நேரம் நின்று அந்தக் குக்கரைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு தெரு எங்களுடையது. கீழ் வீட்டில் நாங்கள், மாடி வீட்டில் அவர். ஐ.டி.ஐ. ஒன்றில் ஃபிட்டர் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாள். தெருவில் எல்லோருக்கும் அவர் மேடம்தான். என் மனைவிக்கு மட்டும் அக்கா. இரும்பு பிடித்துப் பிடித்து உள்ளங்கை இரண்டும் காய்த்திருக்கும். அந்தக் கைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, பைபிளை மார்போடு அணைத்தபடி சர்ச்சுக்குப் போவார்.

"ஒரு நாள் எங்கிட்ட இருக்கட்டும்." இதுதான் அவர் வாயில் அடிக்கடி வருகிற வாக்கியம். தெருவில் யார் எதைப் புதிதாக வாங்கினாலும் சொல்வார். இஸ்திரிப்பெட்டி, ஸ்டூல், குழந்தைகளுடைய மூன்று சக்கர சைக்கிள், எதுவும் தப்பாது. வாங்கி வைத்துக்கொண்டு, தன் உடம்பை வைத்துத்தான் சோதிப்பார். ஸ்டூல் என்றால் அதன்மேல் ஏறி நின்று குதிப்பார். அறுபதை நெருங்கிய ஒரு பெண்மணி மொட்டை மாடியில் ஸ்டூல்மேல் குதிப்பதைப் பார்த்து, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் கைதட்டும். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு தடவை குதித்துக் காட்டுவார்.

"புதுசுன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல சார். இன்னும் யாரும் அதுல மாட்டலைன்னு அர்த்தம்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

சோதனை முடியாத பொருளில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருப்பார். பழைய கைத்தறிப் புடவை ஒன்றை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்திருந்தார். எல்லாத் துண்டிலும் ஓரமாக ஒரு மஞ்சள் இழை ஓடும். அந்தத் துணி கட்டியிருந்தால் யாரும் அந்தப் பொருளைத் தொடக் கூடாது. ஏன் இந்த வழக்கம் என்று என் மனைவி கேட்டு வந்து சொன்னாள். ஐ.டி.ஐ.யில் ஒரு லேத் மிஷினைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். பழுதில் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. யாரோ கை துடைக்க அதை அவிழ்த்து எடுத்துப் போய்விட்டார். இன்னொருவர் வந்து சுவிட்சைப் போட்டார். உள்ளே கை வைத்திருந்தவர் இவருடைய சக பயிற்சியாளர். வலது கட்டைவிரல் போய்விட்டது. அந்த நாளுக்குப் பிறகு துணி கட்டுவதில் இவர் ஒரு முறைகூட அசட்டையாக இருந்ததில்லையாம். கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, பிறகுதான் நகர்வார்.

எங்கள் நலச்சங்கத்துக்கு இணைச் செயலாளர் நான். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. அங்கே ஒருவரும் என் பேச்சைக் கேட்பதில்லை என்பதால் தெருவில் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பேன். ஒரு வருஷம் பொங்கல் விழாவுக்குத் தோரணம் கட்ட, சங்கத்து ஏணியை எடுக்கப் போனால் அதில் சிவப்புத் துணி. மூன்றாவது படியில் பற்றவைப்பு விட்டிருக்கிறது என்றார். செக்ரட்டரி என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் ஒருத்தரும் அந்த முடிச்சில் கை வைக்கவில்லை. வாடகை ஏணி கொண்டுவந்து கட்டினோம். பிறகு அவர் ஒரு சுத்தியலால் அந்தப் படியை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். படி கையோடு வந்துவிட்டது. செக்ரட்டரி வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது கோடாலிக்கு வருகிறேன்.

ஒரு டிசம்பர் மாத ஆரம்பத்தில் புயல் அடித்தது. தெருமுனையில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை முறிந்து, பாதையை அடைத்துக்கொண்டு விழுந்தது. அந்த மர நிழலில்தான் முருகேசன் இஸ்திரி வண்டி போடுவார். நல்லவேளை, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டி நிறுத்த இடமில்லை, தெருவுக்குள் கார் வர வழியில்லை. ஊர் முழுக்க மரம் விழுந்து கிடந்ததால் அறுக்க ஆள் கிடைக்கவில்லை. செக்ரட்டரி ஆன்லைனில் ஒரு கோடாலிக்கு ஆர்டர் போட்டார். இருப்பதிலேயே மலிவானது. வந்திறங்கியதைப் பார்க்க ஜோராக இருந்தது. சிவப்புப் பெயின்ட், பளபளவென்று வார்னிஷ் அடித்த காம்பு, தங்கக் கலரில் ஸ்டிக்கர்.

மேடம் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஒரு நாள் எங்கிட்ட இருக்கட்டும் சார்."

ஒரு நாள் இரண்டு நாளாயிற்று. முருகேசன் தினமும் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "இன்னா சார், வண்டி சும்மா கீது. கோடாலி வந்துச்சுன்னாங்க, எங்க சார் அது?" அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? மாடி ஏறினேன்.

வராந்தாவில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். கோடாலி தனியாக, காம்பு தனியாகக் கிடந்தன.

"என்ன மேடம், புதுசைப் பிரிச்சுப் போட்டுட்டீங்க?"

"உக்காருங்க சார். இதைப் பாருங்க." கோடாலியோடு வந்த காம்பைக் காட்டினார். வார்னிஷைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டியிருந்தார். உள்ளே மரத்தின் ரேகை காம்பு நெடுக ஓடாமல், கழுத்துக்கிட்டே குறுக்கே போயிருந்தது. "ஓங்கி நாலு போடு போட்டா இங்கதான் முறியும். இது ஆப்புன்னு பேரு, வெறும் பசை. பெயின்ட்டை அடிச்சு மறைச்சிருக்கான்." நகத்தால் நெம்பியதும் அது காய்ந்த பிசின் மாதிரி உதிர்ந்தது. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்க் கருவேலங் காம்பு ஒன்று வாங்கி வந்திருந்தார். கோடாலியின் ஓட்டைக்குத் தக்கபடி அதன் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவி, சொருகிப் பார்த்து, மறுபடி அராவிக்கொண்டிருந்தார்.

"சாணைக்காரன்கிட்ட குடுத்திருந்தா வாய் பத்து நிமிஷத்துல தீட்டியாச்சு" என்றேன்.

"மிஷின் சாணையில சூடேறி நீலமாயிடும் சார். அதுல இருக்கிற கொஞ்ச உறுதியும் போயிடும். இது பச்சிரும்பு. அரம் சும்மா இறங்குது பாருங்க. ரொம்ப மெலிசா தீட்டினா ரெண்டு வெட்டுல வாய் மடங்கிக்கும். கொஞ்சம் தடிப்பா விட்டுத்தான் தீட்டணும். மட்டமான பொருளுக்குத்தான் சார் கூட வேலை செய்யணும். நல்லது தன்னைத் தானே பார்த்துக்கும்."

அரத்தை ஒரே பக்கமாகத் தள்ளித் தள்ளி, நடுநடுவே தண்ணீர் தொட்டு, இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பின்பக்கத்தில் பிசிறு பிசிறாக நின்ற விளிம்புகளையும் மழுக்கியிருந்தார். பழைய ஸ்கூல் பேக் தோலில் வாய்க்கு ஓர் உறை வெட்டி வைத்திருந்தார். எல்லாம் முடிந்தது, இரும்பு கழன்று வராமல் காம்பு நுனியில் அடிக்கிற ஆப்பு மட்டும் பாக்கி என்றார். புயல் மழையில் மரமெல்லாம் ஈரமேறிக் கிடக்கிறது. ஈர ஆப்பை அடித்தால் காய்ந்ததும் சுருங்கிக் கழன்றுவிடும். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்திருந்தார். திங்கட்கிழமை அடித்துத் தருகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை செக்ரட்டரி போன் செய்தார். அன்று சாயந்திரம் சர்ச்சிலிருந்து கேரல் பாட வேனில் வருகிறார்கள், தெரு அடைத்துக் கிடந்தால் அசிங்கம், ஒரு கோடாலியை வாங்கித் தர உங்களுக்கு வக்கில்லையா என்கிற தோரணையில் பேசினார். எனக்குச் சுருக்கென்றது. மாடிக்குப் போனேன். மேடம் சர்ச்சுக்குப் போயிருந்தார். கதவு பூட்டியிருந்தது. வராந்தா மூலையில் கோடாலி சாய்த்து வைத்திருந்தது, புதுக் காம்போடு, முழுசாக. காம்பின் நடுவில் சிவப்புத் துணி.

கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவே இல்லை. அவர் செதுக்கிய கச்சிதம் அப்படி. ஆப்பு இல்லாமலேயே இரும்பு காம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது. திங்கட்கிழமைவரை காத்திருக்க வைப்பது அவருடைய வீண் பிடிவாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரப்போவது அவருடைய சர்ச் வேன்தானே என்றும் சொல்லிக்கொண்டேன். கிளையை வெட்டித் தரக் காத்திருந்தவர் முருகேசன், துணியோடு கொண்டுபோனால் அவர் தொட மாட்டார். அந்தத் துணிக்கு என்ன அர்த்தம் என்று தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் அவிழ்த்தேன். முடிச்சு இறுக்கமாக இருந்தது, பல்லால் கடித்துத் தளர்த்த வேண்டியிருந்தது. அவிழ்த்து பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

நாலாவது வெட்டோ ஐந்தாவது வெட்டோ, முருகேசன் கோடாலியைத் தலைக்குமேல் ஓங்கினார். இறக்கும்போது அவர் கையில் காம்பு மட்டும்தான் இருந்தது. இரும்பு கிளையில் பட்டுத் திரும்பி, ரப்பர் செருப்பு போட்டிருந்த அவருடைய இடது பாதத்தில் விழுந்தது. மட்டமான இரும்பானாலும் வாய் அருமையாகத் தீட்டியிருந்தது. தோல், நரம்பு எல்லாவற்றையும் தாண்டி எலும்புவரை போய்விட்டது. அவர் கத்தக்கூட இல்லை. "சார், காலு" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்படியே கிளைமேல் உட்கார்ந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அன்று சாயந்திரம் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு அவசரக் கூட்டம். கேரல் வேன் தெருமுனையிலேயே நின்று பாடிவிட்டுப் போயிருந்தது. மேடம் வெள்ளைப் புடவையை மாற்றாமலே வந்து உட்கார்ந்திருந்தார்.

"புதுக் கோடாலி. பேக்கிங் பிரிச்ச அன்னிக்கே குடுத்திருந்தா வேலை முடிஞ்சிருக்கும். அதை எதுக்கு மேடம் கழட்டணும்? கழட்டினவங்க ஏன் அரைகுறையா மாட்டி வெக்கணும்?" என்றார் செக்ரட்டரி.

"அது முடியலன்னு துணி கட்டியிருந்தேன் சார்." அவர் குரலில் சந்தேகமே இல்லை.

செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே எடுத்துட்டு வந்தீங்க? துணி இருந்துச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்தப் பேன்ட்டோடுதான் இருந்தேன். கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. துணி விரல்களில் பட்டது.

"நான் பார்க்கல சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எதுவும் கட்டின மாதிரி தெரியல" என்றும் சொன்னேன்.

அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன்னுடைய வலது கையைத் திருப்பி, காய்ப்பு ஏறிய உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டினேன்னுதான் நினைச்சேன்" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "சர்ச்சுக்கு நேரமாச்சுன்னு கிளம்பினேன். கட்டாம போயிட்டேனோ என்னவோ" என்றார்.

மறுநாள் துவைக்கும்போது அந்தத் துணி என் மனைவி கையில் கிடைத்தது. அதை மடித்துச் சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதை நீங்களே கொண்டுபோய் அக்காகிட்ட குடுத்துடுங்க" என்றாள். எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

"சரி" என்றேன். கொடுக்கவில்லை. அவள் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான் இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவளும் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் மாடிக்குப் போவதை விட்டுவிட்டாள். அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றாள். அந்தச் சிநேகிதத்தையும் நான்தான் தின்றேன்.

முருகேசனுக்குக் கால் ஆற மூன்று மாதம் ஆனது. ஆறியும் பழையபடி நாள் முழுக்க நிற்க முடியவில்லை, சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். மேடம் அவர் வீட்டுக்குத் தினமும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனார். உட்கார்ந்துகொண்டே இஸ்திரி போட வாகாக உயரமான ஸ்டூல் ஒன்று செய்வித்துக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் மொட்டை மாடியில் அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார். இந்த முறை பிள்ளைகள் கைதட்டியபோது அவர் சிரிக்கவில்லை. குதித்துக்கொண்டே இருந்தார். எத்தனை தடவை குதித்தும் அவருக்குத் திருப்தி வரவில்லை. நான் கீழே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரு நாள் எங்கிட்ட இருக்கட்டும்" என்பதை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. தெருவிலும் யாரும் அவரிடம் எதையும் கொண்டுபோகவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். கேஸை மூடியதும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வார். பஸ் ஸ்டாப்பில் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பதை நானே கண்டேன். ஒருநாள் காலையில் நான் வண்டியை எடுக்கும்போது படியிலிருந்து கூப்பிட்டார்.

"சார், நான் இப்ப கதவைப் பூட்டினதைப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன் மேடம்."

"நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார். சாட்சிக்கு அவருக்குக் கிடைத்த ஆள் நான்.

அடுத்த வருஷம் வீட்டைக் காலி செய்துகொண்டு வண்டலூரில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனார். தனியாக இருக்க பயமாக இருக்கிறது என்றாராம். போகிற அன்று என் கதவைத் தட்டினார். கையில் அதே கோடாலி. ஆப்பு அடித்து, ஆளிவிதை எண்ணெய் ஊற வைத்துத் தேய்த்த காம்பு, வாயில் தோல் உறை. காம்பின் நடுவில் சிவப்புத் துணி, இரட்டை முடிச்சு.

"வேலை முடிஞ்சுது சார். ஆனா துணியை நான் அவிழ்க்கல. என் கைமேல எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்க ஒரு நாள் வெச்சுப் பார்த்துட்டு, சரியா இருந்தா அவிழ்த்துடுங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். வாசலில் ஆட்டோ நின்றது, உள்ளே அலமாரியில் அந்த இன்னொரு துணி இருந்தது. பத்து அடி நடந்து எடுத்துவந்து அவர் கையில் வைத்திருந்தால் போதும், ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை.

"சரி மேடம்" என்று சொல்லிக் கோடாலியை வாங்கிக்கொண்டேன்.

போன மழையில் அதே மரத்தில் இன்னொரு கிளை விழுந்தது. இந்த முறை மரம் வெட்டுகிறவர் ஒருவர் உடனே வந்துவிட்டார், ஆனால் அவருடைய கோடாலிக்குக் காம்பு உடைந்திருந்தது. செக்ரட்டரிக்குச் சங்கத்துக் கோடாலி ஞாபகம் வந்தது. பரண்மேலிருந்து இறக்கிக் கொண்டுபோனேன். துணி கட்டியபடியே இருந்தது. முருகேசன் ஸ்டூலிலிருந்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வந்து, என் கையிலிருந்து கோடாலியை வாங்கினார். முடிச்சைத் தானே அவிழ்த்தார். கட்டைவிரலால் ஆப்பை அழுத்திப் பார்த்தார், இரும்பைத் தட்டிப் பார்த்தார், கல்லில் காம்பை நாலு குத்துக் குத்தினார். பிறகுதான் வெட்டுகிறவரிடம் கொடுத்தார்.

மத்தியானத்துக்குள் கிளை முழுவதும் விறகாகிவிட்டது. கோடாலி ஒரு நூல்கூட அசையவில்லை, வாயும் மடங்கவில்லை. முருகேசன் அதைத் துடைத்து, உறையை மாட்டி, துணியை மடித்து என்னிடம் நீட்டினார்.

"மேடம் கை தப்பவே தப்பாது சார். அன்னிக்கு மட்டும் எப்டி மறந்துச்சுன்னு எனக்கு இன்னி வரிக்கும் பிரியல."

"எனக்கும்தான் தெரியலப்பா" என்று சொல்லி, துணியை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.